கஃபூர் பாய் எழுதிய ஒரே விமர்சனம்

போன மாதம் ஒரு பெண் போனில் பேசினாள். சென்னையில் இருந்துகொண்டு பாட்டுப் பதிவுகளைப் பற்றி வீடியோ போடுகிறவளாம். என் மகளைவிடச் சின்னவளாக இருக்க வேண்டும். குரலில் மரியாதையும் இருந்தது, அவசரமும் இருந்தது. ஒரு பெரிய ராக் அண்ட் ரோல் பாடகரின் கடைசிக் கச்சேரிப் பதிவைச் சத்தமெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்து புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள், அதற்கு விமர்சனம் செய்யப்போகிறேன் என்றாள். அது முதலில் வந்தபோது தமிழில் எழுதியது திருவண்ணாமலையில் இருந்து வந்த உங்கள் பத்திரிகைதானாமே, எத்தனை ஸ்டார் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

ஸ்டார் கொடுக்கும் வழக்கமே எங்களுக்கு இல்லை என்றேன். ஏமாந்துபோய்விட்டாள். அப்படியானால் வாங்கலாமா வேண்டாமா என்று ஜனங்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்றாள். படித்துவிட்டு முடிவு செய்தார்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வெடுக்கென்று பேசிவிட்டோமே என்று இருந்தது. அந்த விமர்சனத்தின் கதை போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அவளுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். பாடகரின் பெயரை எழுதப்போவதில்லை. உலகத்துக்கே தெரிந்த பெயர். எங்கள் கடையில் அவரைப் 'பெரியவர்' என்போம், அதுவே இங்கும் போதும்.

கடை செங்கம் ரோட்டில் இருக்கிறது. அப்துல் கஃபூர் என்கிற கஃபூர் பாயின் கடை. அவருடைய அப்பா ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். பாய் கேசட்டும் இசைத்தட்டும் விற்றார். அந்த ரோட்டில்தான் ஆசிரமங்கள் இருக்கின்றன. குளிர்காலத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது சுமை வேண்டாம் என்று கொண்டுவந்த இசைத்தட்டுகளையெல்லாம் பாயிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். அதில் பாதிக்கு மேல் ராக் அண்ட் ரோல். மலையடிவாரத்தில் மௌனமாக உட்கார வருகிறவர்களுக்குப் பெட்டி நிறைய இந்தச் சத்தம் எதற்கு என்று ஒருமுறை பாயிடம் கேட்டேன். "இங்க மௌனம் கெடைக்கும்னு நிச்சயமா தெரியாதுல்ல? கெடைக்கலன்னா இருக்கட்டும்னு எடுத்துனு வந்திருப்பாங்க" என்றார்.

வந்து குவிந்த தட்டுகளில் எது நல்லது எது குப்பை என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக ஆரம்பித்ததுதான் 'சுழல்தட்டு' என்ற எங்கள் மாதப் பத்திரிகை. அதற்குச் சோறு போட்டது அண்ணாமலையார். பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்கள் எங்கள் கடையில் பக்திப் பாட்டுகளை அள்ளிக்கொண்டு போவார்கள். எந்தப் பாட்டு எந்த மாசத்தில் ஓடும் என்று பாய்க்கு அத்துப்படி. அந்த வருமானத்தில்தான் ராக் அண்ட் ரோல் விமர்சனங்கள் அச்சேறின. இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் கீழ்பென்னாத்தூரில் இருந்து பில் எழுதுகிற வேலைக்கு வந்தேன். இங்கிலீஷில் பி.ஏ. என்று தெரிந்ததும் பாய் பில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு இசைத்தட்டைக் கையில் கொடுத்தார். தட்டு பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. அட்டையில் போட்டிருக்கும் புகழ்ச்சியைப் படித்துவிட்டால் காது அதையே கேட்கும் என்பது அவர் கட்சி. யார் பாடியது என்றுகூடத் தெரியாமல் கேட்டு எழுத வேண்டும். எழுதினேன். 'மெய்மறக்கச் செய்யும் இசை' என்று ஆரம்பித்திருந்தேன். பாய் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"மெய்மறந்துட்டன்னா, இத யாரும்மா எழுதுனது?"

அன்றைக்குக் கேட்ட இன்னொரு கேள்வியைத்தான் பிறகு நான் வேலையை விடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த எடத்துல?" நன்றாக இருக்கிறதா, எந்த இடத்தில்? டிரம்ஸ்காரர் சொதப்புகிறாரா, எந்த இடத்தில்? இடத்தைச் சொல்ல முடியாத வரி பத்திரிகையில் வராது. ஆரம்பத்தில் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன். பிறகு கோபம் வந்தது. அதற்குப் பிறகு வேலை வந்துவிட்டது. கல்யாணமாகி, வீட்டுக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை என்பதால் அதன் பக்கத்திலேயே வேங்கிக்காலில் குடியேறி, மகள் பிறந்து வளர்ந்து, இதெல்லாம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, நான் செங்கம் ரோட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடைக் கச்சேரிப் பதிவு என்றால் பாய்க்குத் தனி மரியாதை. ஸ்டுடியோப் பதிவு போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை, மேடைப் பதிவு பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை, பந்தியில்தான் ஆள் எப்படி என்று தெரியும் என்பார். மேடைப் பதிவைக் கேட்பதற்கென்று அவர் போட்ட சட்டங்கள் உண்டு. ஹெட்போன் கூடாது. அதை மாட்டினால் கச்சேரி உன் தலைக்குள் நடக்கும், ஜனம் வெளியே நின்றுவிடும் என்பார். கடையின் பின்பக்க அறையில் இருந்த பெரிய ஸ்பீக்கர்களில்தான் கேட்க வேண்டும், அதுவும் அறைக்கதவைத் திறந்து வைத்து. காலையில் கடை திறப்பதற்கு முன்பு, ரோட்டில் சத்தம் கம்மியாக இருக்கும்போது கேட்க வேண்டும். ஒருமுறை பாடகருக்காக, ஒருமுறை வாசிப்பவர்களுக்காக, ஒருமுறை கூட்டத்துக்காக என்று மூன்று தடவை. கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே அலுத்தது, எங்கே முந்திக்கொண்டு கைதட்டியது என்று எழுதாத விமர்சனத்தை அவர் சேர்த்துக்கொள்ளவே மாட்டார். பௌர்ணமியன்று மட்டும் யாரும் எதையும் கேட்கக் கூடாது. அன்றைக்கு எல்லோருக்கும் வியாபாரம்தான்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு சட்டம் இருந்தது. யார் எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன்பு வேறொருவர் பிரூப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே தட்டை முதலில் இருந்து கேட்க வேண்டும். தட்டில் இல்லாதது தாளில் இருந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு. கோடு போட்டவரிடம் மல்லுக்கு நிற்கக் கூடாது. நான் எழுதியதற்கு மற்றவர்களும் மற்றவர்கள் எழுதியதற்கு நானும் எத்தனையோ கோடு போட்டிருக்கிறோம். என் தாள்களில் பாய் போட்ட கோடுகளைச் சேர்த்துப் போட்டால் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும் போகும்.

பாய் மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. கடையில் தட்டு விற்கிறவன் அதே தட்டைப் புகழ்ந்து எழுதினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எனக்குத் தெரிந்த காரணம், அவர் பெரியவருக்காகக் காத்திருந்தார். எழுதினால் அவரைப் பற்றித்தான். பாய் இள வயதில் முதன்முதலாகக் கேட்ட ராக் அண்ட் ரோல் குரல் அது. அந்தக் குரலுக்குத் தொண்டையில் நோய் வந்து, ஆபரேஷன் நடந்து, இனிமேல் பாட மாட்டார் என்று செய்தி வந்த நாளில் பாய் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பெரியவர் ஒரே ஒரு கச்சேரிக்கு மேடையேறியதாகவும், அதைப் பதிவு செய்திருப்பதாகவும் தகவல் வந்தது. அந்த வருஷத்தில்தான் வேலூர் காது டாக்டர் பாயிடம் காது மெல்ல மெல்லப் போய்விடும், நிறுத்த முடியாது என்று சொல்லியிருந்தார். வீட்டில் சொல்வதற்கு முன்பு என்னிடம் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்றார். பத்திரிகையை நிறுத்திவிடலாம் என்றும் கடைசி இதழில் பெரியவரின் கச்சேரியைப் பற்றித் தானே எழுதுவதாகவும் சொன்னார். வாசகர்களுக்கும் அறிவித்துவிட்டோம். காது இருக்கும்போதே அந்த ஒன்றை எழுதிவிட வேண்டும் என்பது அவருக்கு வெறியாகவே இருந்தது.

வருஷா வருஷம் இங்கே வரும் ஒரு வெள்ளைக்காரர் அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். அவர் வந்து இறங்கியது பௌர்ணமியன்று சாயங்காலம்.

நான் முன்னால் நின்று பக்திப் பாட்டு விற்றுக்கொண்டிருந்தேன். ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். தலை தலையாக ஜனம். வெள்ளைக்காரர் பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டியதும் பாய் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நாளைக் காலையில் கேட்கலாமே பாய் என்றேன். என்னைப் பார்க்கவே இல்லை. "கடைய பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. மேடைப் பதிவுக்குக் கதவைச் சாத்தக் கூடாது என்ற தன் சட்டத்தை அந்த நிலையிலும் அவர் மறக்கவில்லை, பௌர்ணமிச் சட்டத்தைத்தான் மறந்தார். வியாபாரத்துக்கு நடுவில் எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். நான் திரும்பிவந்து சில்லறை கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று தடவை கேட்க வேண்டியதை அவர் ஒரே தடவைதான் கேட்டார். அந்த வேகத்திலேயே எழுதி மறுநாளே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டு நாளில் பிரூப் வந்தது. வழக்கம்போல அதை என்னிடம் கொடுத்தார். ரொம்ப நன்றாக எழுதியிருந்தார். இத்தனை வருஷம் இந்த மனிதர் ஏன் எழுதவில்லை என்று எனக்கு ஆத்திரமே வந்தது. வேகமான பாட்டுகளைப் பெரியவர் ஒரு இழை நிதானமாக்கிப் பாடுவதையும், அவர் மூச்சு வாங்கும் இடங்களில் டிரம்ஸ்காரர் ஒரு அடி கூடுதலாக அடித்து நேரம் கொடுப்பதையும், அதைப் பார்த்துவிட்ட மாதிரி பெரியவர் ஒருமுறை சிரிப்பதையும் இடம் இடமாகச் சொல்லியிருந்தார். கட்டுரையின் உயிர் கடைசிக்கு முந்தைய பாட்டில் இருந்தது. மெதுவான பாட்டு அது. இரண்டாவது சரணத்தில் பெரியவரின் குரல் நின்றுவிடுகிறது. பாய் இப்படி எழுதியிருந்தார்: 'அவர் நின்ற இடத்தில் கூட்டம் அவரைக் கைவிடவில்லை. மொத்த ஜனமும் அடிக்குரலில் பாட்டை எடுத்துக்கொள்கிறது. தூரத்தில் இருந்து ஒரு ஆரவாரம் எழுந்து வந்து அவரைத் தூக்கி நிறுத்துகிறது.' ஒருவனுக்கு முடியாமல் போகும்போது சுற்றியிருப்பவர்கள் அவனுக்காகப் பாடுவார்கள் என்பதில் கட்டுரை போய் முடிந்தது. அவர் யாரை நினைத்து எழுதினார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பு தாளோடு உட்கார்ந்து கேட்டேன். டிரம்ஸ் சரி. சிரிப்பு சரி. மெதுவான பாட்டு வந்தது, இரண்டாவது சரணம் வந்தது, குரல் நின்றது. கூட்டம் பாடவில்லை. ஒரு முணுமுணுப்பு இல்லை, ஆரவாரம் இல்லை. கிடார்கூட நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் வெறும் மேடை. பிறகு பெரியவர் தானாகவே, இன்னும் கீழே இறங்கிய குரலில், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

என் காதில்தான் கோளாறு என்று நினைத்து ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். வேறு பாட்டோ என்று தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. பௌர்ணமியன்று பாய் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில் கடை வாசலில் ஒரு பெரிய கூட்டம் நமசிவாய சொல்லிக்கொண்டே போனது, பின்னாலிருந்து அண்ணாமலையாருக்கு அரோகரா என்று ஒரு குரல் எழுந்தது. நான் பாக்கிச் சில்லறைக்குத் திண்டாடிக்கொண்டிருந்ததால் நினைவிருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் இருக்கிறவருக்கு அந்தச் சத்தம் சத்தமாகவே படாது. அது திறந்த கதவு வழியாக உள்ளே போய்ப் பெரியவரின் கச்சேரியில் சேர்ந்துகொண்டுவிட்டது.

சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன், வைத்தேன். அந்த வரிகளை அடித்தால் கட்டுரையே நிற்காது. பாய், உங்களுக்கு இல்லாதது கேட்டிருக்கிறது என்று, காது போய்க்கொண்டிருக்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் எழுதும் முதல் விமர்சனமும் அதுதான், கடைசி விமர்சனமும் அதுதான். தட்டு ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தாளை மடித்துப் பையில் போட்டு வேங்கிக்காலுக்குக் கொண்டுபோய்விட்டேன். வீட்டில் குழம்பில் உப்புப் போட மறந்து பேச்சு வாங்கினேன்.

மறுநாள் கோடு இல்லாத தாளைப் பாயிடம் நீட்டினேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம் இருந்தது. அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு கோடு கூட இல்ல. பயமா, பாவமா?"

"ரெண்டும் இல்ல பாய்."

"அப்ப எந்த எடத்துல?"

அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கடைசிக்கு முந்தைய பாட்டு, இரண்டாவது சரணம் என்றேன். அவர் எழுந்துபோய்த் தட்டைப் போட்டார். வெளியே காலை வெயில், ரோடு காலியாக இருந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டு கேட்டோம். குரல் நின்றது. பாய் சத்தத்தைக் கூட்டினார். ஊசியைப் பின்னால் எடுத்து வைத்து மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை குனிந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார்.

"அன்னிக்கு பௌர்ணமி" என்றார்.

ஆமாம் என்றேன்.

"டாக்டரு கம்மியா கேக்கும்னுதான் சொன்னாரு. ஜாஸ்தியா கேக்கும்னு சொல்லவே இல்லியே."

சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது. அவரைத் தேற்ற வேண்டும் என்று, அத்தனை ஆயிரம் பேர் மூச்சுக் காட்டாமல் நிற்பதும் ஜனம் செய்கிற காரியம்தானே என்று ஆரம்பித்தேன். சமாதானம் வேண்டாம், கேட்டதைச் சொல் என்று அதட்டினார். உண்மையிலேயே ஒன்று கேட்டிருந்தது, அதைச் சொன்னேன். குரல் நின்ற பிறகு கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமுகிறார். பாதி இருமலிலேயே அடக்கிக்கொள்கிறார், கையால் வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி. பாய் மறுபடி ஊசியை வைத்தார். எங்கே, எங்கே என்று கேட்டார். நான் விரலைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை வைத்தார், கேட்கவில்லை. பேனாவைக் கேட்டார். நான் போட்டிருக்க வேண்டிய கோட்டை அவரே போட்டார், 'அவர் நின்ற இடத்தில்' என்பதில் ஆரம்பித்துக் கட்டுரையின் கடைசி வரி வரைக்கும். பிறகு நின்றபடியே தாளின் ஓரத்தில் எழுதினார். அச்சில் வந்தது இதுதான்:

'இந்த இடத்தில் கூட்டம் பாடவில்லை. பாடகர் நிற்கிறார், தனியாகவே தொடர்கிறார். நான் முதலில் கேட்டது பௌர்ணமியன்று கதவைத் திறந்து வைத்து. அன்றைக்கு எங்கள் தெரு அவரோடு சேர்ந்து பாடியது. அதற்குப் பாடகரோ பதிவு செய்தவர்களோ பொறுப்பில்லை. இந்த மௌனத்துக்குள் ஒரு இருமல் இருப்பதாகவும், இருமியவர் அதை அடக்கிக்கொள்வதாகவும் உடன் கேட்டவர் சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அவர் காதை நம்பலாம்.'

அதோடு கட்டுரையும் முடிந்தது, பத்திரிகையும் முடிந்தது. அந்தக் கடைசி வரியைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. பிறகு கடையில் வியாபாரம் பார்த்தேன், போன வருஷம் அதையும் விட்டுவிட்டேன்.

சென்னைப் பெண் சொன்ன புதிய பதிப்பை மகளின் போனில் கேட்டேன். குரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அந்த இடம் வந்தபோது காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். இருமலைத் துடைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு நானே போன் போட்டு, உன் விமர்சனத்தில் எழுதிக்கொள், ஒரு ஆளைக் காணோம் என்றேன். அவள் "எந்த எடத்துல மேடம்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

பௌர்ணமிக்குக் கடையில் கூட்டம் தாங்காது என்பதால் அன்றைக்கு மட்டும் நான் போய் உதவுகிறேன். பாய்க்கு இப்போது நல்ல வயது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அது எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். போன பௌர்ணமியன்று சாயங்காலம் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். பெரியவரின் தட்டைத் தானே போட்டார். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அதிர்வில் பாட்டு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மெதுவான பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்தில் பெட்டியின் அதிர்வு நின்றது. பாய் கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"ஜனம் பாடுதாம்மா?"

கதவு திறந்துதான் இருந்தது. ரோடு நிறைய ஜனம் நமசிவாய சொல்லிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது.

"பாடுது பாய்" என்றேன்.